ஆடுகிற முள்ளும் அத்தையின் போட்டோவும்

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் ஆளுயரத்துக்கும் மேலாக ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள், பாலில் முக்கி எடுத்த மாதிரி. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூக்கைக் காணோம். யாருடி இது என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டேன். நீ இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைதான் இது என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். இப்போதைய பிள்ளைகள் போனில் ஒரு தட்டுத் தட்டினால் வெள்ளையாகிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் காலத்திலேயே ஒருத்தியை வெள்ளையாக்கினோம், அதுவும் எங்களுக்கே தெரியாமல். அதனால் ஒரு கல்யாணம் முறியப் பார்த்தது. அதைச் சொல்லாமல் எனக்கு வாய் சும்மா இருக்காது.

அப்போது நாங்கள் அன்னவாசலில் இருந்தோம். வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர்கள் இரண்டு பேருக்கும் தங்கையான அத்தை, பிறகு நான். நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. அத்தை முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஊருக்கே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அத்தை நல்ல கறுப்பு. புதுப் பானை மாதிரி பளபளவென்று இருப்பாள். அவள் அழகு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பெரியவர்களுக்கு ஒரு குறை என்று எனக்குத் தெரிந்ததே அந்த வருஷம்தான்.

அந்த ஆடியில் சித்தப்பா ஒரு கேமராவோடு வந்து இறங்கினார். மீமிசலில், கப்பலில் போய் வந்து கடை வைத்திருந்த ஒருவரிடம் வாங்கியது. புதுசு இல்லை, அவரும் யாரிடமோ வாங்கியதுதான். தோல் உறையின் பித்தளைப் பொத்தானை நெம்பித் திறந்தால் ரசகற்பூர உருண்டையும் பழைய செருப்பும் சேர்ந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே நான் உறைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு திரிந்தேன். அந்த உறையும் போய்விட்டது, கேமராவும் போய்விட்டது. யார் கொண்டுபோனார்கள் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பேர் சொல்வார்கள்.

அந்தக் கேமராவில் ஒரு விசேஷம் உண்டு. லென்சுக்கு மேலே, முகப்பில், அகலமாக ஒரு பட்டைக் கண்ணாடி இருக்கும். வழவழப்பாக இருக்காது, வேர்க்குரு போட்ட மாதிரி புடைப்புப் புடைப்பாக இருக்கும். தலைப்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் தலைமுடி கனத்துக்கு ஒரு முள். கேமராவை வெளிச்சத்துக்குக் காட்டினால் முள் ஏறும், நிழலுக்குக் காட்டினால் இறங்கும். வெளிச்சம் அதிகம் என்று முள் சொன்னால் லென்சின் வாயைச் சுருக்க வேண்டும், குறைவு என்றால் விரிக்க வேண்டும். அப்படிச் செய்தால் படம் சரியாக விழும். இதைச் சித்தப்பா சாப்பிடும்போதெல்லாம் விளக்குவார். சோறு ஆறிப்போகும். அந்த முள்ளைப் பார்க்க நானும் அத்தையும் முட்டிக்கொள்வோம்.

ஆடி, ஆவணி எல்லாம், ஒன்றிரண்டு கரியாகப் போனதைத் தவிர, படங்கள் நன்றாகத்தான் விழுந்தன. ஆயுத பூஜைக்குப் பிறகுதான் கேமராவுக்குக் கிறுக்குப் பிடித்தது. ஒரு ரோல் முடிந்து புதுக்கோட்டை ஸ்டுடியோவில் கழுவி வந்தால், ஒரு படம் கரி, அடுத்த படம் சுண்ணாம்பு, அதற்கடுத்தது நன்றாக இருக்கும். ஸ்டுடியோக்காரர் எதையும் திருத்தாமல் எல்லாவற்றையும் ஒரே அளவில் பிரிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார். "நான் முள்ளு சொன்னபடிதானே வச்சேன்" என்று சித்தப்பா புலம்புவார். நடுக்கூடத்தில் எல்லாரும் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு சிரிப்போம். ஒன்றில் என் அப்பா மீசை மட்டும் உட்கார்ந்திருக்கும், முகம் இருக்காது.

சிரிப்பு தீபாவளியோடு நின்றது. தீபாவளிக்கு வீட்டுக்கு நீலம் கலந்து வெள்ளையடித்திருந்தோம். அந்தச் சுவரில் சாய்த்து, உச்சி வெயிலில் அத்தையைச் சித்தப்பா ஒரு படம் எடுத்தார். பெண் கேட்டு வந்த ஒரு குடும்பத்துக்கு அனுப்பத்தான். சுவர் அருமையாக விழுந்திருந்தது. அத்தை இருந்த இடத்தில் இரண்டு கண்ணும் ஒரு மூக்குத்தியும் இருந்தன. வேறு படம் இல்லை என்று அதையே அனுப்பினார்கள். படம் திரும்பி வந்தது. நிறம் கொஞ்சம் குறைச்சலாக இருக்கிறதாம், வீட்டில் பெரியவர்கள் யோசிக்கிறார்களாம்.

அன்றிலிருந்து அத்தைக்குப் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வெயிலில் போகாதே என்றார்கள். கிணற்றடிக்கு நான்தான் போக வேண்டியதாயிற்று. கேமராவைக் குற்றம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. கண்ணுக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருக்க, காகிதத்தைப் பார்த்து அவளுக்கு மாவு தடவிய கூட்டம் நாங்கள். அத்தை மாவைப் பூசிக் கழுவிவிட்டு மிஷினில் உட்காருவாள். மிஷின் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக ஓடும்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, வேப்பமரத்தடியில் அத்தையை இன்னொரு படம் எடுத்தார் சித்தப்பா. அது சுண்ணாம்பாக விழுந்தது. அத்தை வெளுத்துப்போய், மூக்கும் தாடையும் கரைந்து, யாரோ ஒரு சீமைக்காரி மாதிரி இருந்தாள். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை மணமேல்குடியில் ஒரு குடும்பத்துக்கு அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருடைய அம்மாவுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். மார்கழியில் நல்ல காரியம் பேசக்கூடாது, தை பிறந்ததும் வந்து பெண் பார்க்கிறோம் என்று ஆள் வந்து சொன்னது. அம்மா அன்றைக்கே பாயசம் வைத்தாள்.

அத்தை பாயசத்தைத் தொடவில்லை. நேராக அப்பா முன்னால் வந்து நின்றாள். அண்ணன் முன்னால் அவள் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. அன்று நிறுத்தாமல் பேசினாள்.

"அண்ணே, வாரவங்க போட்டோவப் பாப்பாங்க, அப்பறம் என்னையப் பாப்பாங்க. வச்ச பலகாரத்துல கைய வைக்காம எந்திரிச்சுப் போவாங்க. நான் அங்கிட்டு அடுப்படியில நின்னு அதப் பாக்கணுமா? போட்டோவுல இருக்குறது நான் இல்ல."

நேரில் பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள் என்றார் அப்பா. தானாகக் கூடி வருவதை எதற்குக் கெடுக்கிறாய் என்றார். அத்தை மசியவில்லை. தை பிறப்பதற்குள் தன் முகம் உள்ளபடி விழுந்த ஒரு படம் மணமேல்குடிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குக் கூடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஸ்டுடியோவுக்குப் போகலாமே என்று அம்மா மெல்லக் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்க இருக்கிற நேரத்தில் பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் நிறுத்துவதா என்று அப்பா அதையும் அடைத்தார். கடைசியில் அவர் பாதி இறங்கி வந்தார். சித்தப்பாவின் டப்பாவில் ஒழுங்காக ஒரு படம் விழுந்தால் அனுப்பலாம், விழாவிட்டால் அத்தை வாயை மூடிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். அத்தை சரி என்றாள். அத்தையின் மானம் அந்த முடியளவு முள்ளில் வந்து தொங்கியது.

சித்தப்பாவுக்கு ஜுரம் வராத குறை. முதலில் மேகத்தின் மேல் பழியைப் போட்டார். ஐப்பசி, கார்த்திகை என்றால் நிமிஷத்துக்கு ஒரு வெளிச்சம், முள் என்ன செய்யும் என்றார். ஆனால் மார்கழியில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, முள் அப்போதும் ஆடியது. அடுத்து, பேட்டரி தீர்ந்திருக்கும் என்று முடிவு செய்தார். கேமராவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பேட்டரி போடும் இடத்தை நானும் அவரும் ஒரு பகல் முழுக்கத் தேடினோம். டார்ச் லைட்டுக்கு இருக்கிற மாதிரி ஒரு மூடி எங்கேயாவது இருக்கும் என்று ஒவ்வொரு திருகாகத் தடவிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. உப்புக் காத்துப் பட்டு உள்ளே துருப்பிடித்த கேமராவைத் தலையில் கட்டிவிட்டான் என்று மீமிசல்காரரைத் திட்டிக்கொண்டே சித்தப்பா பஸ் ஏறினார்.

போனவர் சாயங்காலம் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டோடு வந்தார். மார்கழி மாசத்தில் கருவாடா என்று அம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள். பொட்டலம் தை வரைக்கும் மாட்டுக் கொட்டகை எரவாணத்தில் தொங்கியது. சண்டைக்குப் போன இடத்தில் மீமிசல்காரர் டீ வாங்கிக் கொடுத்து, சிரித்து, கருவாடும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னதைச் சித்தப்பா அதே குரலில் சொல்லிக் காட்டினார்: "தம்பி, அதுக்கு பேட்டரியே கெடையாது. வெயிலத் தின்னு வேலை செய்யுற சாமான் அது. வயசானா பசி கொறையும், கொறஞ்சது கொறஞ்சதாத்தான் இருக்கும். ஒரு நாளு தின்னு ஒரு நாளு பட்டினி கெடக்காது. ஒங்க வீட்டுலதான் என்னமோ நடக்குது."

சித்தப்பாவுக்கு இது சாக்காகப் பட்டது. அத்தை மட்டும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு யோசித்தாள். தைக்கிறவள் இல்லையா, அளவு என்றால் ஒரே நாடாவால் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கம். இத்தனை நாளும் சித்தப்பா ஒரு நாள் மரத்தை, ஒரு நாள் மாட்டை, ஒரு நாள் என்னை அளந்துவிட்டு முள் பொய் சொல்கிறது என்கிறாரே, அது எப்படிச் சரியாகும் என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து கிணற்றடித் துவைகல்தான் கணக்கு. காலை வெயில் கல்மேல் முழுதாக விழுந்ததும் அத்தை கேமராவைக் கல்லுக்குக் காட்டி, முள் நிற்கிற இடத்தைத் தையல் சாக்பீஸால் கிணற்றுச் சுவரில் கோடாகப் போடுவாள். சித்தப்பா சரி பார்ப்பார். நான் கல்மேல் காக்காய் உட்காராமல் விரட்டுவேன். வெளியே போகாதே என்று சொன்ன அம்மாவால் அப்போது எதுவும் சொல்ல முடியவில்லை.

முதல் உண்மை ஒரு நாள் விளையாட்டாக வந்தது. அத்தை கல்லை அளந்த கையோடு கேமராவை வெள்ளையடித்த சுவர்ப் பக்கம் திருப்பினாள். முள் துள்ளி மேலே போய் முட்டிக்கொண்டது. திரும்பவும் கல்லுக்குக் காட்டினாள், இறங்கியது. மூன்று பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சின்னண்ணே," என்றாள் அத்தை, "தீவாளிக்கு அது செவத்தத்தான் அளந்துருக்கு. என்னைய அளக்கவே இல்ல."

சித்தப்பாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அந்தத் திரும்பி வந்த படம் அவருக்குள்ளும் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அத்தை அவரை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பயத்தமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொழுவத்தில் கொட்டினாள். கன்றுக்குட்டி நக்கித் தின்றது.

கரிக்குக் காரணம் தெரிந்துவிட்டது: பின்னால் சுவரோ வானமோ வெளுப்பாக இருந்தால் முள் அதைத்தான் அளக்கிறது. சுண்ணாம்புக்குத் தெரியவில்லை. கிணற்றுச் சுவரில் கோடுகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. புதன், வியாழன் எல்லாம் கோடு ஒரே உயரத்தில் இருக்கும். சனிக்கிழமை பொத்தென்று கீழே விழும். பிறகு ஒவ்வொரு நாளாக மெல்ல ஏறி, மறுபடி புதனுக்குப் பழைய இடத்துக்கு வரும். அதே கல், அதே வெயில். அப்பா வந்து கோடுகளைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையை ஒட்டி எடுத்தால் வெளுப்பாக விழுகிறது என்றால் அது லட்சுமி கடாட்சம், அதை எதற்கு நோண்டுகிறீர்கள் என்றார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை காலையில் ஒரு தரம் அளந்தாள். கோடு சரியாக இருந்தது. அம்மா தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, சூடம் காட்டி முடித்த பிறகு இன்னொரு தரம் அளக்கப் போனாள். அதற்குள் வெயில் கூடியிருந்தது, முள்ளும் கூடித்தான் இருக்க வேண்டும். ஆனால் இறங்கிக் கிடந்தது. அத்தை கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள். அப்படியே கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, செத்த இங்கிட்டு வாங்க."

லென்சுக்கு மேலே, அந்த வேர்க்குருக் கண்ணாடியின் நட்டநடுவில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் ஈரம் காயாமல் இருந்தது. அம்மா கைகழுவிக்கொண்டே வந்து பார்த்தாள். அவளுக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை.

"ஆமா, ஆயுத பூசையிலருந்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நாந்தான வைக்கிறேன். கண்ணுல வைக்கக் கூடாதுல்ல? அதான் நெத்தியாப் பாத்து வச்சேன்."

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொட்டை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வாரா வாரம் பார்த்திருக்கிறோம். எங்கள் வீட்டில் நிலைக்கதவுக்குப் பொட்டு, அம்மிக்குப் பொட்டு, ரேடியோவுக்குப் பொட்டு, தையல் மிஷினுக்குப் பொட்டு, சைக்கிளுக்கும் பொட்டு. பொட்டில்லாமல் ஒரு சாமான் இருந்தால்தான் கண்ணை உறுத்தும். சித்தப்பா படமெடுக்கும் முன் துண்டு நுனியால் ஒரு துடை துடைப்பார், துடைத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். சந்தனம் புடைப்புகளுக்கு இடையில் போய் அப்பிக்கொண்டு, வெயிலை உள்ளே விடாமல் அடைத்திருக்கிறது. முள் பாவம், இருட்டாக இருக்கிறது என்று நினைத்து இறங்கியிருக்கிறது. இவர் லென்சின் வாயை ஆவென்று திறந்து வைத்திருக்கிறார். நாள் போகப் போகச் சந்தனம் காய்ந்து உதிர, முள்ளுக்குக் கண் திறந்திருக்கிறது.

சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாமி கும்பிட்டதும் குற்றமாகப் போயிற்றா என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தை ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். தீபாவளிக்குப் பிறகு அத்தை சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "பயத்தமாவுக்கு ஆகாதது ஒங்க சந்தனத்துக்கு ஆச்சு அண்ணி" என்றாள். அம்மாவும் சிரித்துவிட்டாள். இனி பொட்டு தோல் உறைக்கு மட்டும் என்று சமாதானம் ஆயிற்று.

சித்தப்பா மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாம் என்று கிளம்பினார். அத்தை கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். மிஷினில் பஞ்சு தட்டுகிற சின்னப் பிரஷால் குழி குழியாகச் சுரண்டாமல் தட்டி எடுத்து, விளக்குத் திரியை லேசாக நனைத்துப் பிழிந்து துடைத்தாள். துவைகல்லுக்குக் காட்டினாள். முள் இதுவரைக்கும் போட்ட கோடுகளுக்கெல்லாம் மேலே போய் நின்றது.

பொங்கலுக்கு நாள் நெருங்கிவிட்டது. மறுநாளே படம் எடுத்தார்கள். மரத்து நிழலில் அத்தை தான் எப்போதும் உடுத்துகிற அரக்குச் சேலையோடு வந்து நின்றாள். பவுடர் போட்டுவிட வந்த அம்மாவின் கையைத் தள்ளினாள். சுவரையும் வானத்தையும் அளக்காமல், அத்தை முகத்துக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோய் முள்ளைப் பார்த்துவிட்டு, அதே அளவை வைத்துப் பின்னால் வந்தார் சித்தப்பா. சிரிக்கச் சொன்னார். மாட்டேன் என்று அத்தை நேராக லென்சைப் பார்த்தாள்.

படம் வந்தபோது எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அத்தை அத்தையாகவே இருந்தாள். அவள் நிறம், தாடையில் சின்ன வயசில் விழுந்த தழும்பு, தோளில் ஒட்டியிருந்த நூல்கூட விழுந்திருந்தது. கண் இரண்டும் எதிரில் இருப்பவரை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தன. அப்பா கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தானம்மா இருக்க" என்றார், ஏதோ அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி. கொடுத்த வாக்கை மீற அவரால் முடியவில்லை. சித்தப்பா படத்தை எடுத்துக்கொண்டு மணமேல்குடிக்குப் போனார். திரும்பி வந்து, "குடுத்துட்டேன்" என்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை என்றார். அதற்கு மேல் அவர் வாயைக் கிண்ட முடியவில்லை.

பொங்கல் போயிற்று. பதில் வரவில்லை. அவர்கள் வருவதாக முன்பே சொல்லியிருந்த நாளில் அம்மா பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவலாமா வேண்டாமா என்று அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா, வரமாட்டார்கள், எல்லாம் இவள் பிடிவாதம் என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். அத்தை மிஷினில்தான் இருந்தாள். மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், மாப்பிள்ளை, அவருடைய அம்மா, துணைக்கு ஒரு பெரியவர்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அத்தை தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். பையைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்தார். வெளுத்த போட்டோ. அதைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். பஜ்ஜியில் கை வைக்கவில்லை.

"இதுல இருக்குறது யாருங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

அத்தை தட்டைக் கீழே வைக்கவில்லை, தலையும் குனியவில்லை. சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து இன்னொரு போட்டோவை எடுத்துத் தன் அம்மாவின் மடியில் வைத்தார்.

"ஆத்தா, இதுதான் அவங்க. அவங்க அண்ணன் பொங்கலுக்கு முன்னாடியே பள்ளிக்கொடத்துல வந்து எங்கையில குடுத்துட்டாரு. ஒங்கிட்ட காட்டுனா நீ பஸ் ஏற மாட்டேன்னு நாந்தான் வச்சுக்கிட்டேன். நீ வச்சிருக்குறதுல இருக்குறது வெறும் வெயிலு."

அந்த அம்மா இரண்டாவது போட்டோவைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். இந்த முறை இரண்டும் ஒன்றாக இருந்தன.

"அப்ப நீ இதப் பாத்துட்டுத்தான் வந்தியா?"

"ஆமா. அதப் பாத்தப்ப எனக்கு வரணும்னே தோணல."

பிறகு அந்த அம்மா ஒரு பஜ்ஜியை எடுத்தார். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன் என்று மகனைத் திட்டிக்கொண்டே அதைத் தின்றார். இன்னொன்றும் எடுத்தார். பெரியவர் தொண்டையைக் கனைத்து, பொண்ணு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேட்கலாம் என்றார். அந்தக் காலத்தில் அது பேச்சுக்குச் சொல்வது, எந்தப் பெண்ணும் வாயைத் திறக்க மாட்டாள்.

அத்தை தட்டைக் கீழே வைத்தாள். அந்த அம்மாவின் மடியில் கிடந்த தன் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அது நடுவில் மடிந்து, கன்னத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

"சட்டப்பையில இப்படியா மடக்கி வச்சுக்கிட்டுத் திரியுறது?" என்று மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள். "இது கெட்டுப்போச்சு. சின்னண்ணன வேற ஒண்ணு போட்டுத் தரச் சொல்றேன். அதையாச்சும் கண்ணாடி போட்டு ஒங்க வீட்டுல மாட்டி வைங்க, வந்து பாக்குறேன்."

மாப்பிள்ளை காது வரைக்கும் சிவந்துபோய், சரிங்க என்றார்.